அழுக்கு மாஸ்டர் வீட்டுத் திரை

பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் படப்பிடிப்புக் கொட்டகையில் அதை யாரும் கேட்டதில்லை. டைரக்டர் முதல் டீ ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அழுக்கு மாஸ்டர். பெயரை வைத்து ஆளை எடை போட்டுவிடக் கூடாது. சட்டையில் ஒரு சொட்டு டீ தெறித்தாலும் எழுந்துபோய் அலசிவிட்டு வந்து உட்காருகிற மனிதர். அழுக்கு அவர் தொழிலில்தான்.

டிவி சீரியலுக்கு வீடு போடுகிறார்கள் இல்லையா, பலகை அடிக்கத் தச்சர் இருக்கிறார், வண்ணம் பூச பெயின்டர் இருக்கிறார். அவர்கள் முடித்துவிட்டுப் போகும்போது அது நேற்றுப் பிறந்த வீடு. அதில் ஒரு குடும்பம் பதினைந்து வருஷமாகக் குடியிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும். அந்தப் பதினைந்து வருஷத்தையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. சுவிட்சைச் சுற்றி விரல் பட்ட கறுப்பு. நாற்காலி முதுகு உரசிய கோடு. தலை சாய்கிற இடத்தில் எண்ணெய் வட்டம். குழந்தை இருக்கிற வீடு என்றால் முழங்கால் உயரத்தில் தனியாகக் கொஞ்சம் கிறுக்கல். டீத்தூள் கொதிக்க வைத்த தண்ணீர், வண்டி ஆயில், சாம்பல், மெழுகுவத்திப் புகை, உப்புத்தாள். அவர் பெட்டியைத் திறந்தால் இவ்வளவுதான் இருக்கும். மற்றதெல்லாம் கையில் இருக்கிறது.

பணக்கார வீட்டில் அவருக்கு வேலை கிடையாது. பங்களாவுக்கு வயசே ஆகக்கூடாது. அங்கே தூசி விழாமல் பார்த்துக்கொள்ள வேறு ஆள்.

இந்தக் கதை நடந்த சீரியலில் பங்களாவும் ஏழை வீடும் ஒரே கொட்டகைக்குள் இருந்தன. இடம் போதாததால் நடுவில் ஒரே பலகைச் சுவர். இந்தப் பக்கம் தங்கக் கோடு போட்ட காகிதம் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் காரை பெயர்ந்திருக்கும். பங்களாவின் பெரிய மனிதர் கோபத்தில் கதவை அறைந்து சாத்தினால் ஏழை வீட்டு அலமாரியில் தட்டு கீழே விழும். அதனால் அவர் கோபப்படுகிற நாட்களில் ஏழை வீட்டுப் பாத்திரங்களை முன்கூட்டியே தரையில் இறக்கி வைத்துவிடுவார் மாஸ்டர்.

சீரியலின் கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி இந்த நகரத்துக்கு வருகிறது. மூத்த மகள் பங்களாவில் வேலைக்குச் சேர்கிறாள். பங்களாவின் இளைய பிள்ளை அவளைப் பார்த்துத் தொலைக்கிறான். அப்புறம் முந்நூறு எபிசோடுக்கு அழுகை. ஆரம்பிக்கும் முன்னால் டைரக்டர் எல்லோரையும் உட்கார வைத்து, ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். மாஸ்டர் கை தூக்கினார். பதினோரு வருஷம் இருந்திருக்கிறேன், அதுவும் வெளியூரிலிருந்து வந்து இருந்திருக்கிறேன் என்றார். அப்படியானால் வரைந்து காட்டுங்கள் என்று காகிதம் கொடுத்தார்கள். ஏதோ ஒரு வீட்டை வரைகிறோம் என்று நினைத்துத்தான் மாஸ்டர் ஆரம்பித்தார். முடித்தபோது அவருடைய பழைய வீடே வந்து நின்றது. கதவுக்கு இடது கைப் பக்கம் அலமாரி, எதிரே ஒரு ஜன்னல், மூலையில் அடுப்பு, குறுக்கே ஒரு கம்பி. அந்தக் கம்பியில் ஒரு திரை.

அந்தத் திரையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

மூன்றாவது மாடி. நீளமான நடை. வரிசையாக எட்டு அறைகள், எட்டுக் குடும்பங்கள், கடைசியில் ஒரு குழாய். எட்டுக் குடும்பமும் எங்கெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை. ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குப் பாதிதான் புரியும். நகரத்துக்காரர்கள் பேசுவது யாருக்குமே சரியாகப் புரியாது. மாஸ்டர் அப்போது ஒரு பெயின்டரிடம் கையாளாக வேலை செய்துகொண்டிருந்தார். அவர் மனைவியும் அந்த மாடியில் இன்னும் நான்கு பெண்களும் ஒரே தையல் கம்பெனிக்குப் போனார்கள். வெட்டிப் போட்ட துணியின் ஓரங்களை, ஒரு கை அகலம் இரண்டு கை அகலம் உள்ளவற்றை, சனிக்கிழமைகளில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று கம்பெனி மேஸ்திரி விட்டுவிடுவார். அப்படிச் சேர்த்த துண்டுகளை வைத்து, மகள் பிறந்த வருஷம், அவள் அந்தத் திரையைத் தைத்தாள். நீலத்தில் இரண்டு பட்டை, பச்சையில் ஒன்று, செங்கல் நிறத்தில் ஒன்று, நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள். மஞ்சள் மூலை வீட்டு அக்கா கொடுத்தது. தன் பிள்ளைக்குச் சட்டை தைக்க வைத்திருந்ததை, உன் திரைக்கு நடுவில் வெளிச்சம் வேண்டாமா என்று சொல்லித் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

திரையை இழுத்து மூடினால் ஒரு வீடு இரண்டு அறையாகிவிடும். யாராவது வந்தால் அவள், "இருங்க, உள் ரூம்ல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்பாள். திரைக்கு அந்தப் பக்கம் நாலடி எடுத்துவைத்துவிட்டு வருவாள். வந்தவர்களும் சிரிக்காமல் காத்திருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு உள் ரூம் இருந்தது.

அந்த மாடியில் ஒரே ஒரு டிவி. அது மூலை வீட்டு அக்காவுடையது. சாயங்காலம் ஏழரை மணிக்குக் குழந்தை குட்டியோடு எல்லோரும் அங்கே ஆஜர். அப்போது ஓடிக்கொண்டிருந்ததும் ஒரு பங்களா சீரியல். வரவேற்பறையின் நடுவிலிருந்து ஒரு படிக்கட்டு வளைந்து மேலே போகும். அந்த வீட்டு அம்மா தலைமுதல் கால்வரை நகையோடு அதில் இறங்கி வருவாள். நடைப் பெண்கள் அவளைச் சும்மா விட மாட்டார்கள். நிஜப் பங்களா ஒன்றில் வீட்டு வேலை பார்த்த ஒருத்தி இருந்தாள். "எங்க வீட்டம்மா நாலு நாளா ஒரே நைட்டியில திரியுது, இவ என்னடான்னா தூங்கும்போதுகூட வைரம் போட்டுக்கிறா" என்பாள். மாஸ்டரின் மனைவிக்கு வேறொரு சந்தேகம். இவ்வளவு பெரிய வீட்டில் இத்தனை பேர் சாப்பிடுகிறார்களே, பாத்திரம் யார் கழுவுகிறார்கள், ஒரு நாளாவது காட்டக்கூடாதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வேலைக்காரியைக் காட்டினால் ஒன்று திருடுவாள், இல்லை ஒட்டுக் கேட்பாள். போதாக்குறைக்கு அவள் பேச்சைக் கேட்டுப் பங்களாவே சிரிக்கும். அந்தப் பேச்சு கிட்டத்தட்ட இவர்களுடைய பேச்சுதான். அப்போது மட்டும் அறையில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பெரிய வாக்குவாதம் படிக்கட்டைப் பற்றித்தான். மேலே எத்தனை அறை? ஆறு என்பாள் மூலை வீட்டு அக்கா. ஆளுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று என்று விரல் விடுவாள். பத்து என்பாள் மாஸ்டரின் மனைவி. நகை வைக்கவே தனியாக ஒன்று வேண்டாமா என்பாள். இது ஒரு வருஷம் நடந்தது. சீரியலும் முடிந்துபோனது. கடைசிவரை மேலே இருந்த அறையைக் காட்டவே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகரத்துப் பேச்சை அவள் கற்றுக்கொண்டது அந்த டிவியில்தான். அதனால் அவள் வாயில் முதலில் ஏறியதெல்லாம் பெரிய பெரிய வசனம். காய்கறிக்காரர் அழுகின தக்காளி இரண்டை உள்ளே தள்ளிவிட்டபோது, தராசைப் பார்த்து நிதானமாக, "இந்தத் துரோகத்தை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்" என்றாள். மனிதர் அரண்டுபோய் நாலு தக்காளி சேர்த்துப் போட்டார். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம், "என் முகத்தில் இனி விழிக்காதே" என்றாளாம். கொஞ்சம் நகருங்கள் என்று எப்படிச் சொல்வது என்று அவளுக்கு அப்போது தெரியாது. பங்களாவில் யாரும் யாரையும் நகரச் சொன்னதில்லை.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். எட்டுக் குடும்பமும் எட்டுத் திக்காகப் போனது. மூலை வீட்டு அக்கா மகனோடு வேறு ஊருக்கே போய்விட்டாள். மாஸ்டரின் குடும்பம் நிஜச் சுவர் வைத்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் படித்து, கல்யாணம் முடித்துத் தனியாகப் போய்விட்டார்கள். திரைக்கு வேலை இல்லை. அவள் அதைத் துவைத்து, மடித்து, பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள்.

அந்தத் திரையைத்தான் மாஸ்டர் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கடையில் வாங்கிய திரைகளை டைரக்டருக்குப் பிடிக்கவில்லை, எல்லாம் துணிக்கடை வாசனை அடிக்கிறது என்றார். மாஸ்டருக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. சொல்லாமல் கொண்டுபோய் மாட்டிவிட்டு, முதல் நாள் ஒளிபரப்பில் காட்டினால் பொண்டாட்டி மலைத்துப்போவாள் என்று கணக்குப் போட்டார். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். மஞ்சள் பட்டை அப்படியே வெளிச்சமாக இருந்தது.

டைரக்டர் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அழகா இருக்கு மாஸ்டர். அதுதான் பிரச்சினை. சேனலை மாத்திக்கிட்டே வர்றவன் ஒரு செகண்ட்ல இது ஏழை வீடுன்னு புரிஞ்சுக்கணும். இத பாத்தா எவனோ ரசிச்சு வாழ்ற மாதிரி இருக்கு. அழுக்கு பண்ணுங்க."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருபது வருஷமாக எத்தனையோ துணியை அழுக்காக்கிய கை அது. பிரஷ்ஷை ஆயிலில் தொட்டதும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஓரத்தில் கை துடைத்த கறை, நடுவில் புகை, கீழே ஈரம் ஊறிய பழுப்பு. மஞ்சள் பட்டை சாணி நிறத்துக்கு வந்தபோது டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். சுவரையும் அதே மாதிரி ஆக்கச் சொன்னார். ஆக்கினார்.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். நேரம் அவரைக் கேட்கவில்லை. முதல் நாள் ஏழரை மணிக்கு மனைவி டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஏழை வீடு வந்தது. அவள் முதலில் சிரித்தாள், அட, நம்ம வீடு என்றாள். பிறகு கேமரா திரைக்குப் பக்கத்தில் போனது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. விளம்பரம் வருவதற்குள் போன் அடித்தது. மூலை வீட்டு அக்கா. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம் என்பதால் மாஸ்டருக்கும் கேட்டது.

"ஏண்டி, உன் வீட்டுத் துணி டிவியில தொங்குது. என்னடி அது இப்படிக் கெடக்கு? நீ அப்படியா வச்சிருந்த?"

"அது என்னது இல்லக்கா. யாரோ அது மாதிரி தைச்சிருக்காங்க" என்றாள் அவள். போனை வைத்தாள். டிவியையும் அணைத்தாள்.

மாஸ்டர் காத்திருந்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"நீங்கதான் அழுக்காக்கினீங்களா, இல்ல கூட இருக்கிறவங்களா?"

"டைரக்டர் சொன்னாரு."

"யாரு சொன்னாங்கன்னு கேக்கல. பாத்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சுது. அந்தச் சொவத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ வெள்ளை அடிச்சேனே, ஸ்டூல் புடிச்சது யாரு?"

ஸ்டூல் பிடித்தது அவர்தான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஏழரை மணிக்கு டிவி போடுவது நின்றது. சாப்பாடு வந்தது, சட்டை இஸ்திரியாகி வந்தது, பேச்சு மட்டும் தேவைக்கு அளந்து வந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தத் திரை திரும்ப வர வேண்டும். அதுவரை மூலை வீட்டு அக்காவுக்கு அவள் போன் செய்யவில்லை, அக்கா செய்தாலும் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டாள். எட்டு வீடும் பார்த்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் துணியை அவளே தன்னுடையது இல்லை என்று சொன்னதுதான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது.

மாஸ்டருக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் சீரியலில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பொருள் ஒருமுறை கேமராவில் வந்துவிட்டால் அது அங்கேயே, அப்படியே இருக்க வேண்டும். கன்டினியூட்டி என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளவே நோட்டும் போனுமாக ஒரு பெண். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் போட்டோவை வைத்துக்கொண்டு தட்டு எங்கே, செருப்பு எங்கே, கறை எங்கே என்று சரிபார்ப்பாள். போன சீரியலில் பெயின்டர் ஒருவர் பார்க்கச் சகிக்காமல் ஒரு கதவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் ஜாடையாக டைரக்டரிடம் கேட்டுப் பார்த்தார், அதே மாதிரி வேறு ஒன்று தைத்துத் தரட்டுமா என்று. எதற்கு, இதுதான் பிரமாதமாக இருக்கிறதே என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார் அவர்.

நாலு மாதம் ஓடியது. நூறாவது எபிசோடு நெருங்கும்போது ஒரு சனிக்கிழமை. மகளைப் பங்களாவிலிருந்து விரட்டிவிடுகிறார்கள். அம்மா அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். பாதி எடுத்தார்கள், வெளிச்சம் சரியில்லை, மீதி திங்கட்கிழமை என்று கலைந்தார்கள். எல்லோரும் போன பிறகு மாஸ்டர் திரையைக் கழற்றினார். அவர் திட்டம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் கொடுப்போம், துவைத்துக்கொள்ளட்டும், மனசு ஆறட்டும். திங்கள் காலை சீக்கிரம் வந்து, போட்டோவைப் பார்த்துப் பழையபடி கறை போட்டுவிடலாம். எந்தக் கறையையும் இரண்டாம் தரம் போட அவரால் முடியும். ஊரில் அவரை விட்டால் ஆளில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தையும் அப்படியே சொன்னார். திங்கட்கிழமை திரும்பக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனதும் அழுக்காக்க வேண்டும் என்று. அவள் திரையை வாங்கிக்கொண்டாள். ஞாயிறு காலை வாளியோடு உட்கார்ந்தாள். முதல் தண்ணீர் தார் மாதிரி போனது. இரண்டாவது டீ மாதிரி. மூன்றாவதில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. வெயிலில் காயப்போட்டு, அது காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் ஒரு பொத்தான் அளவு ஆயில் கறை மட்டும் போகவில்லை. சாயங்காலம் இஸ்திரி போட்டு மடித்து அவர் பையில் அவளே வைத்தாள்.

"கொண்டு போங்க. உங்க வேலை அது."

திங்கட்கிழமை மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக்குப் போய்விட்டார். திரையை மாட்டினார். பெட்டியைத் திறந்தார். போட்டோவைப் பக்கத்தில் வைத்தார். பிரஷ்ஷை ஆயிலில் தொட்டார். சோப்பு வாசனை வந்தது, அவர் வீட்டுச் சோப்பு. அவர் கை இறங்கவில்லை. டீத்தண்ணீராவது தெளிப்போம் என்று பார்த்தார், அதுவும் ஆகவில்லை. நோட்டுப் பெண் வந்தபோது அவர் பிரஷ்ஷும் கையுமாக நின்றுகொண்டிருந்தார், அது சொட்டிச் சொட்டித் தரையில்தான் கறை போட்டிருந்தது.

அவள் போட்டோவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஐயோ அண்ணே என்று மட்டும் சொன்னாள்.

டைரக்டர் வந்ததும் கொட்டகை அதிர்ந்தது. பாதிக் காட்சியில் அழுக்கு, மீதியில் வெளுப்பு, அம்மா மூக்கைச் சிந்துவதற்குள் வீடு துவைத்துக்கொண்டதா என்று கேட்டார். உடனே அழுக்காக்கச் சொன்னார். மாஸ்டர் பெட்டியை மூடிக் கீழே வைத்தார்.

"மத்தது எதுன்னாலும் பண்றேன் சார். இத மட்டும் வேற யாரையாவது வச்சுப் பண்ணிக்குங்க. இது எங்க வீட்டுத் துணி. நேத்து என் வீட்டுக்காரி துவைச்சா."

வேலை போனது என்றே அவர் நினைத்துக்கொண்டார். அப்போதுதான் சீரியலில் அம்மாவாக நடிப்பவர் வாயைத் திறந்தார். அவர் மேக்கப் நாற்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நானும் நூறு எபிசோடா இந்த வீட்ல இருக்கேன். அழுதிருக்கேன், மயக்கம் போட்டிருக்கேன், ரெண்டு தடவ விஷம் வரைக்கும் போயிருக்கேன். ஒரு துணி துவைச்சதில்ல. பொண்ண வெளிய தள்ளிட்டாங்க, அம்மாவுக்குத் தூக்கம் வரல, எந்திரிச்சுத் துவைக்கிறான்னு வச்சுக்கக் கூடாதா?"

டைரக்டர் வசனகர்த்தாவைப் பார்த்தார். வசனகர்த்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. பங்களாவின் இளைய பிள்ளைக்குக் கண்வலி, மூன்று நாளாக வரவில்லை, எபிசோடை எதை வைத்து நிரப்புவது என்று தவித்துக்கொண்டிருந்தவர் அவர். துவைப்பதை ஆறு நிமிஷம் இழுக்கலாம், காய்வதை இன்னும் மூன்று நிமிஷம் இழுக்கலாம், மீதி அழுகையைத் துவைத்த திரைக்கு முன்னால் மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். டைரக்டர் ஒரு டீ குடிக்கிறவரை யோசித்தார். நடக்கட்டும் என்றார். மாஸ்டரைப் பார்த்து, இன்னொருதரம் இப்படிச் செய்தால் நடப்பதே வேறு என்பதையும் மறக்காமல் சொல்லிவைத்தார்.

அடுத்த சிக்கல் வாளியில் வந்தது. நடிகைக்குத் துவைக்கத் தெரியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி துணியைத் தடவிக்கொடுத்தார். வேறொரு சீரியலுக்காக வளர்த்த நீள நகம் வேறு, வெட்டவும் முடியாது. கையை மட்டும் பக்கத்தில் காட்டுவதற்கு வேறு ஆள் வேண்டும் என்றார் கேமராமேன். கொட்டகையே திரும்பி மாஸ்டரைப் பார்த்தது.

மாஸ்டரின் மனைவி மத்தியானம் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். எதற்கு என்று அவர் போனில் சரியாகச் சொல்லவில்லை. ஏதோ ஆபத்து என்று நினைத்துத்தான் வந்தாள். உள்ளே வந்தவள் அந்த அறையின் வாசலில் நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை, பலகைத் தரையில் எல்லோரும் ஷூவோடு நடந்துகொண்டிருந்தார்கள். அலமாரியைத் தொட்டாள். அடுப்பு மூலையைப் பார்த்தாள். ஜன்னல் ஒரு கை கீழே இருந்திருக்க வேண்டும், அப்போதுதான் குழாயடி தெரியும் என்றாள். மேலே அண்ணாந்து பார்த்தாள். கூரை இல்லை, விளக்குகள் தொங்கின. மாஸ்டர் பக்கத்தில் நின்றார். அவள் கம்பியில் கை வைத்து, துவைத்த திரையை ஒருமுறை இழுத்து மூடி, ஒருமுறை திறந்தாள்.

"புள்ளைங்க ரெண்டும் இங்கதான் தூங்கும்" என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவரிடம் தேவைக்கு மேலே பேசிய முதல் பேச்சு அது.

விளக்கைச் சரிசெய்ய நேரமானதால், அவர் அவளைப் பலகைச் சுவரின் அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். தங்கக் கோட்டுக் காகிதம், சாய்வு நாற்காலி, கண்ணாடி மேஜை. நடுவில் வளைந்து போகிற படிக்கட்டு. அவள் அதையே பார்த்தாள். ஏறலாமா என்று கேட்டாள். ஏறினாள். எட்டாவது படியில் வளைவு திரும்பியது. அங்கே ஒரு பலகை, பலகையில் யாரோ குடித்துவைத்த டீ கிளாஸ், நடிகர்கள் பின்பக்கமாக இறங்க ஒரு மர ஏணி. அவ்வளவுதான் மேல் மாடி.

அவள் அந்தப் பலகையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, நிற்கவில்லை. கீழே நின்ற மாஸ்டரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார், பிறகு தெரிந்து சிரித்தார்.

வாளிக்கு முன்னால் அவளுக்குக் கூச்சம் எதுவும் இல்லை. திரைக்குப் பதிலாக அதே மாதிரி பட்டை சேர்த்து, மங்கலாகச் சாயம் போட்டு வைத்திருந்த வேறு துணியை வாங்கிப் பார்த்துவிட்டு, இது அழுக்கா என்று ஒரு பார்வை பார்த்தாள். நனைத்தாள், சோப்பைத் தேய்த்தாள், கல்லில் கும்மினாள், அலசினாள், கடைசியில் முறுக்கிப் பிழிந்தாள். டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். நடிகை பக்கத்தில் குந்தி, எப்படிக்கா என்று கேட்டுக் கேட்டு இரண்டு தரம் பிழிந்து பார்த்தார். உன் முழங்கையை வயிற்றோடு ஒட்டி வை என்று இவள் அவர் கையைப் பிடித்துக் காட்டினாள். போகும்போது டைரக்டரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள், சுவரையும் ஒரு நாள் வெள்ளை அடித்தால் நன்றாக இருக்கும் என்று. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சுவர் கடைசிவரை அப்படியேதான் இருந்தது, அதை மாற்றினால் ஏழை வீடே போய்விடும் என்று அவர் பயந்திருக்கலாம்.

நாலாம் நாள் ஏழரை மணிக்கு அந்த வீட்டில் டிவி போட்டார்கள். நடிகை திரையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். திரையைக் கழற்றி வாளியில் போட்டார். பிறகு டிவி முழுக்க இரண்டு கைகள். காய்ப்பு ஏறிய, விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் கெட்டிப்பட்ட கைகள். மாஸ்டர் டிவியைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த கைகளைப் பார்த்தார். அவை மடியில் சும்மா கிடந்தன. கதையில் மறுநாள் காலை, கம்பியில் அந்தத் திரை காற்றில் அசைந்தது, மஞ்சள் பட்டையில் வெயில் போல விளக்கு விழுந்தது.

விளம்பரம் வந்ததும் போன் அடித்தது. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீதானேடி அது?" என்றாள் மூலை வீட்டு அக்கா. "பொய் சொல்லாத. பதினோரு வருஷம் ஒரே குழாயடியில பாத்திருக்கேன். இடது பக்கமா முறுக்கிப் பிழியறவ உலகத்துல நீ ஒருத்திதான்."

"ஆமாக்கா. என் கைதான். துணியும் என்னதுதான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். என் மஞ்சள் எனக்குத் தெரியாதா? என்ன பளிச்சுனு இருக்கு பாரு இன்னமும்."

மாஸ்டர் எழுந்து அடுத்த அறைக்குப் போவது போல ஒரு சாக்கில் போனார். இரண்டு பெண்களும் எட்டு வீட்டையும் ஒவ்வொன்றாக விசாரிக்கிறவரை பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வீட்டு வேலைக்குப் போனவள் இப்போது எங்கே, குழாய்க்குப் பக்கத்து வீட்டுப் பையன் டிரைவர் ஆனானா, கம்பெனி மேஸ்திரி இருக்கிறாரா. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது. நிஜச் சுவர், ஆனாலும் கேட்டது.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேனே. அந்தப் படிக்கட்டு ஞாபகம் இருக்கா? நான் ஏறிப் பாத்துட்டேன்."

"எத்தன ரூம்டி? ஆறுதானே?"

"ஒண்ணுகூட இல்லக்கா. எட்டுப் படியும் ஒரு டீ கிளாஸும்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு மூன்றாவது மாடி நடை முழுவதற்கும் கேட்கிற மாதிரி இருந்தது.